பழைய இரும்பா, புதிய இரும்பா?



உங்கள் வீட்டில் வளரும் மகன் ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, "உம்மா, எனக்கு வெயிட் தட்டு வேணும், வாப்பாக்கிட்ட சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்டதும் உங்கள் மனதில் எழும் எண்ணம் எனக்குத் தெரியும். அரிசி விற்கும் விலையில் இரும்பு வேறு வாங்குவதா என்பீர்கள். கையைக் காலை உடைத்துக்கொள்வானே என்றும் பயப்படுவீர்கள். இரண்டுமே நியாயமான கவலைகள்தாம். ஆனாலும் ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள். தெருமுனையில் நின்று சிகரட் பழகும் வயதில், வீட்டுக்குள் இருந்து உடம்பை வளர்க்க ஆசைப்படும் பிள்ளை கிடைத்ததற்கு முதலில் ஷுக்ர் செய்யுங்கள். அதன்பின் புதிய தட்டு வாங்குவதா, ஒருவர் பாவித்த தட்டை வாங்குவதா என்று நிதானமாக யோசியுங்கள்.

ஒரு மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். நான் அரபு மத்ரஸாவில் நஹ்வும் பிக்ஹும் சொல்லிக் கொடுப்பவன். இரும்பைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லித் தந்தது, எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டாக உடைந்து விழுந்த ஒரு பத்துக் கிலோத் தட்டு. அந்தப் பாடம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2020 மார்ச் 18ஆம் திகதி மாலை எங்கள் புத்தளம் பக்கத்தில் ஊரடங்கு போட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதும் அடங்கிவிட்டது. அப்போது என் மூத்த மகனுக்கு வயது பதினைந்து. பள்ளிக்கூடமும் இல்லை, பந்தடிக்க மைதானமும் இல்லை. அவன் இரண்டு பால்மா டின்களில் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி, தனக்கென்று ஒரு பளுவைச் செய்துகொண்டான். அதே நாட்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜிம்கள் மூடப்பட்டு, வீட்டுக்கு வெயிட் தட்டு வாங்க ஓடியவர்களுக்குக் கடைகளில் சரக்கு இல்லாமல் போனது. டின் சீமெந்து தூக்கிய என் மகன் அவர்களைவிட ஒருபடி முந்திக்கொண்டான் என்று நாங்கள் பகிடி பண்ணினோம்.

இரண்டு வருடத்தில் டின் போதாமல் போனது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ரூபா விழத் தொடங்கி, 200 ரூபாவுக்குக் கிட்ட நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கப்பலில் வரும் சாமான் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஆகவே பாவித்த தட்டுத்தான் என்று முடிவு செய்தோம்.

அதில் வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, பழைய தகரத்தையும் பழைய பாத்திரத்தையும் கொண்டுதான் பலர் வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள். பாவித்த பொருளின் அருமை தெரிந்த மாவட்டம் இது.

ஒருவர் ஒரு சோடி பத்துக் கிலோவும், ஒரு சோடி ஐந்து கிலோவும் வைத்திருந்தார். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. மஃரிபுக்கு முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில், பெயின்டைப் பார்த்தேனே தவிர இரும்பைப் பார்க்கவில்லை. காசைக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு பின்நேரம், மகன் கம்பியைக் கீழே வைத்தபோது ஒரு பக்கம் சற்றுப் பலமாகத் தரையில் பட்டது. பத்துக் கிலோத் தட்டு இரண்டாகப் பிளந்தது. அதில் ஒரு பாதி வழுக்கிக்கொண்டு போய், விறாந்தை மூலையில் சிரட்டை வைத்துச் சோறு கறி ஆக்கி விளையாடிக்கொண்டிருந்த என் சின்ன மகளின் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறலும் இல்லை. ஆனால் மகன் முகத்தில் இரத்தமே இல்லை. அவனுடைய உம்மா பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தா.

உடைந்த வாயைப் பார்த்தேன். பாதி சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னியது. மீதிப் பாதி கறள் பிடித்துப் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்புத்தான் பழைய வெடிப்பு. அதன் மேலே மெல்லிதாக ஒட்டுப்போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். இந்தத் தட்டுகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு பாரம் தாங்கும், அடி தாங்காது. அதை ஒட்டவைப்பது கைதேர்ந்தவருக்கே கடினமான வேலை. மேலோட்டமாகப் போட்ட ஒட்டு, கண்ணுக்குத்தான் ஒட்டு.

பாவித்ததில் என்ன இலாபம்?

இப்படி நடந்த பிறகும் பாவித்த தட்டு வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. துணி நைந்து போகும், மின்விசிறி தேய்ந்து போகும். ஆனால் வெடிப்பில்லாத பத்துக் கிலோ இரும்பு இருபது வருடத்துக்குப் பிறகும் ஏறக்குறைய பத்துக் கிலோதான். மேற்கறளால் அதன் பலம் கெடாது. ஆகவே வீட்டுத் தேவைக்கு நல்ல பாவித்த இரும்புத் தட்டு புதியதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

விலை பேசும்போது மூன்று கணக்குகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, கடையில் புதிய தட்டு கிலோ என்ன விலை. இரண்டாவது, பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார். மூன்றாவது, உங்களிடம் கேட்கும் விலையை மொத்தக் கிலோவால் பிரித்தால் எவ்வளவு வருகிறது. மூன்றாவது தொகை மற்ற இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நியாயம். புதியதன் விலையில் முக்காலையும் தாண்டினால் பேசாமல் புதியதையே வாங்கிவிடுங்கள். ஏற்றுக்கூலியையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது கிலோ இரும்பைக் கொழும்பிலிருந்து கொண்டுவருவதற்குள், மிச்சம் பிடித்த காசு லொறிக்காரருக்குப் போய்விடும்.

வாங்குமுன் நான்கு சோதனைகள்

ஒன்று, துளை. தட்டின் நடுத்துளை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இராது. வீட்டுப் பாவனைக்கு வரும் தட்டுகளில் ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீற்றர் அளவிலிருந்து 30 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒலிம்பிக் வகையில் 50 மில்லிமீற்றர். பெரிய துளைத் தட்டைச் சிறிய கம்பியில் போட்டால், தொளதொளத்த வளையல் மாதிரி ஆடும், சரியும். வீட்டில் ஏற்கெனவே கம்பி இருந்தால் அதன் முனையை அளந்து எழுதிக்கொண்டு, பிள்ளையின் அடிமட்டத்தோடு போங்கள்.

இரண்டு, எடை. தட்டில் பொறித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பழைய தட்டுகளில் சில இறாத்தல் கணக்கில் வார்க்கப்பட்டவை. 25 இறாத்தல் என்பது 11.34 கிலோ. ஒரு பக்கம் 25 இறாத்தலும் மறுபக்கம் 10 கிலோவும் போட்டால், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்து பிள்ளையின் முதுகை ஒரு பக்கமாக இழுக்கும். மலிவான வார்ப்புகளில் சில நூறு கிராம் கூடும் குறையும். சர்வதேசப் போட்டிகளில் பாவிக்கும் 25 கிலோத் தட்டு, கூடினால் 25 கிராம் வரைதான் கூடலாம் என்பது விதி. வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. சோடி இரண்டும் ஒத்திருந்தால் போதும். பக்கத்துக் கடைத் தராசில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

மூன்று, சத்தம். நான் செய்யத் தவறியது இதுதான். துளையில் ஒரு கயிற்றைக் கோத்துத் தட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு சிறிய இரும்புத் துண்டால் தட்டுங்கள். நல்ல தட்டு மணிபோல ஒலித்து, ஓசை சற்று நீளும். வெடித்தது, வெடித்த மண்சட்டியைச் சுண்டியதுபோல மொட்டையாகச் சத்தம் போடும். சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதே, அதே வித்தைதான். புதுப் பெயின்ட் அடித்த தட்டை இரு மடங்கு கவனமாகச் சோதியுங்கள். கறள் பிடித்த தட்டு தன் குறையை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். பெயின்ட் அடித்தது மறைக்கும்.

நான்கு, உள்ளே என்ன இருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் சீமெந்து நிரப்பிய தட்டுகளும் சந்தையில் உண்டு. ஒரே எடைக்கு இரும்பைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கும். கூடு வெடித்துவிட்டால் உள்ளிருப்பது பொடியாகக் கொட்டும், எடையும் குறையும். இவற்றைப் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். இறப்பர்த் தட்டு என்றால் நடுவிலுள்ள இரும்பு வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

எதைப் புதிதாக வாங்க வேண்டும்?

தட்டைப் பாவித்ததாக வாங்கினாலும், தட்டு கழன்று விழாமல் பிடிக்கும் பூட்டைப் புதிதாகவே வாங்குங்கள். அது தேய்ந்திருந்தால் பக்கத்தில் நிற்பவரின் காலுக்குத்தான் ஆபத்து. விலையும் பெரிதல்ல. கம்பியைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். ஆடாமல் உருண்டால் நேரானது. துள்ளினால் வளைந்தது, விட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் நிறைய வாங்க வேண்டாம். இரண்டு சோடி சிறிய தட்டும் ஒரு சோடி ஐந்து கிலோவும் இருந்தால் பல மாதங்களுக்குப் போதும். ஓடித் திரியும் குழந்தைகள் உள்ள வீட்டில் தட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். தரையோடு படுக்க வைத்து, மேலே ஒரு சாக்கை விரித்துவிடுங்கள். தூக்கும் இடத்தில் தடித்த இறப்பர் விரிப்போ, பழைய தும்பு மெத்தையோ போட்டால், தரையும் தப்பும், தட்டும் தப்பும். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. இது எங்கள் வீட்டில் இப்போது மாற்றமில்லாத சட்டம்.

உப்புக் காற்றுக்கு ஒரு மருந்து

பாலாவியில் உப்பளம், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் என்று வாழ்பவர்கள் நாங்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கினால், கற்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் யன்னல் கம்பிகூட உப்புக் கரிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வதால், இங்கே இரும்பு உள்நாட்டைவிட விரைவாகக் கறள் ஏறும். கொழும்புக் கடையில் மின்னிய புதுத் தட்டும் இங்கே ஒரு வருடத்தில் பழைய தட்டாகிவிடும். புதியதற்கு அதிகக் காசு கொடுக்க நான் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறள் பிடித்த தட்டை இரவு முழுக்க வினாகிரியில் ஊற வையுங்கள். காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் காய விடுங்கள். பிறகு கறள் தடுக்கும் பெயின்ட் பூசலாம். அல்லது மாதம் ஒருமுறை துணியில் இரண்டு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மிச்ச எண்ணெயை நன்றாக ஒற்றி எடுக்கலாம். எண்ணெய் மிதந்தால் கை வழுக்கும். வியர்வையிலும் உப்பு இருப்பதால், தூக்கி முடித்ததும் ஒரு காய்ந்த துணியால் துடைக்கப் பிள்ளையைப் பழக்குங்கள்.

உங்களுக்கும் உரியது

சகோதரிகளே, அந்தச் சிறிய தட்டுகளை ஏன் இரண்டு சோடி வாங்கச் சொன்னேன் தெரியுமா? ஒரு சோடி உங்களுக்கு.

என் மனைவிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. நடக்கச் சொன்னார் கிளினிக் டாக்டர். எங்கள் பாதையில் லொறிக்கும் நாய்க்கும் நடுவில் எங்கே நடப்பது? அப்போதுதான் டாக்டர், தசையும் வேலை செய்ய வேண்டும், தசைதான் இரத்தத்திலுள்ள சீனியை வாங்கிச் செலவழிக்கிறது என்று விளக்கினார். உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும், வளர்ந்தவர்கள் ஆண் பெண் வித்தியாசமின்றி, கிழமைக்கு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு விரைவாகத் தேயும். பாரம் தாங்கும் பயிற்சி அதற்கும் உதவும்.

வயதாகிவிட்டதே என்பீர்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு எட்டு வாரம் மேற்பார்வையோடு காலுக்குப் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது. அந்த ஆய்வு 1990இல் வெளியானது.

பளு ஆண்களின் சொத்தும் அல்ல. 2018ஆம் ஆண்டு பொதுநலவாயப் போட்டியில் 48 கிலோப் பிரிவில் இலங்கைக்கு வெண்கலம் கொண்டுவந்தவர் தினுஷா கோமஸ் என்ற பெண். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பெண் குல்சூம் அப்துல்லாஹ், உடலை மூடிய உடையுடன் போட்டியிட இடம் கேட்டார். 2011இல் சர்வதேசப் பளுதூக்கல் சம்மேளனம் அதற்கேற்ப உடை விதியைத் தளர்த்தியது.

நீங்கள் போட்டிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டரைக் கிலோத் தட்டொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதிரையிலிருந்து பத்து முறை எழும்பி உட்காருங்கள். என் மனைவி அப்படித்தான் தொடங்கினா. முதலில் வெறுங்கையோடு, பிறகு தட்டோடு. இருதய வருத்தம், கூடிய இரத்த அழுத்தம், முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள்.

சொல்லி விற்றோம்

இனி, உடைந்த தட்டின் மீதிக் கதை. விற்றவரிடம் போனேன். "இரும்பெண்டா ஒருநாள் உடையும்தானே மௌலவி, பாத்து வாங்கியிருக்கோணும்" என்றார். ஷாபிஈ மத்ஹபில், வாங்குபவர் அறியாத குறை வெளிப்பட்டால், தாமதிக்காமல் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பொருள் அழிந்த பின் தெரியவந்தால், குறைக்கு ஏற்ற தொகையைத் திருப்பிக் கேட்கலாம். மத்ரஸாவில் வருடா வருடம் நான் நடத்தும் பாடம் இது. அந்த மனிதரிடம் அது எடுபடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மீதி மூன்றையும் கயிற்றில் கட்டித் தட்டிப் பார்த்தோம். ஐந்து கிலோ இரண்டும் மணியாக ஒலித்தன. மற்றப் பத்துக் கிலோவின் சத்தம் மொட்டையாக இருந்தது. சில நாளில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தகப்பன் வந்து, மகனுக்கு வேணும், மூன்றையும் தாங்க என்று கேட்டார். போட்ட காசில் பாதியாவது வருமே என்று என் மனம் ஓடியது. பார்த்து வாங்குவது அவர் பொறுப்புத்தானே என்றும் ஒரு நினைப்பு வந்தது. என்னிடம் சொல்லப்பட்ட அதே வார்த்தை, என் நாவின் நுனிக்கு வந்துவிட்டது.

உள்ளே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் கேட்டா: "வெடிப்பச் சொல்லித்தானே குடுக்கப் போறீங்க?"

ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்ததையும், மழையில் நனைந்தது என்று சொன்ன வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டதையும் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கேள்வி என்னிடமே கேட்கப்பட்டது.

வந்தவரை அழைத்துத் தட்டைத் தூக்கித் தட்டிக் காட்டினேன். அவர் ஐந்து கிலோச் சோடியை மட்டும் நியாய விலைக்கு எடுத்துக்கொண்டார். வெடித்த தட்டையும் உடைந்த துண்டுகளையும், இன்னொருவர் கையில் தட்டாகப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று சுத்தியலால் நொறுக்கிப் பழைய இரும்புக்காரருக்குக் கிலோக் கணக்கில் போட்டோம். நட்டம்தான். அந்த மாணவன் பாடத்துக்கு வந்து உட்காரும்போதெல்லாம் அவனுடைய பாதங்களைப் பார்க்கிறேன். அந்த நட்டம் எனக்கு வலிப்பதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்து, பாவித்த தட்டுகளே மறுபடி வாங்கினோம். இன்று என் மகன் காலையில் தூக்குகிறான். அவனுடைய உம்மா அஸருக்குப் பின் கதிரையிலிருந்து தட்டோடு எழும்பி உட்காருகிறா. சின்ன மகள் அறைக்கு வெளியே நின்று எண்ணிக்கை சொல்கிறாள்.

நீங்களும் வாங்குங்கள் சகோதரிகளே. பாவித்ததை வாங்கினால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். தேவை முடிந்து விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் தட்டிப் பார்க்குமுன் குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். பெயின்டுக்கு அடியில் இருப்பதை வாங்குபவர் அறியமாட்டார். அல்லாஹ் அறிவான்.